வீட்டு நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டர்: ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்று எல்லை வைப்பது எப்படி

ஹாலில் ஒரு டெஸ்க்டாப், அதில் 4 டெராபைட் ஹார்டு டிஸ்க். சினிமா, குடும்பப் போட்டோ, கடைக் கணக்கு எல்லாம் அதில்தான் இருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு டிவியில் ஒரு படம், மாடியில் லேப்டாப்பில் இன்னொரு படம், யாரோ போனிலிருந்து கல்யாணப் போட்டோக்களை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். படம் திக்கித் திக்கி ஓடுகிறது. அதே வீட்டில், கணக்கு ஃபைலை அக்கா கம்ப்யூட்டரிலும் தம்பி போனிலும் திறந்து எழுத, ஒருவர் போட்ட வரவு இன்னொருவர் சேமித்ததும் காணாமல் போகிறது.

இரண்டுமே 'ஒரே நேரத்தில் பல பேர்' என்ற சிக்கல் போலத் தெரியும். ஆனால் மருந்து வேறு வேறு. முதலாவது கூட்ட நெரிசல். இரண்டாவது ஒரே தாளில் இரண்டு பேனா. ஃபோல்டருக்கு ஆள் எல்லை வைத்தால் நெரிசல் மட்டுமே குறையும். கணக்கு ஃபோல்டருக்கு 2 என்று எல்லை வைத்தாலும், உள்ளே வந்த அந்த இரண்டு பேர் ஒருவர் எழுதியதை ஒருவர் அழிக்கத் தடையே இல்லை. ஆகவே எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டிப் பகிராதீர்கள். படம், போட்டோ, கணக்கு என்று மூன்று ஃபோல்டர், மூன்று ஷேர் (ஃபோல்டர் நெட்வொர்க்கில் தெரியும் பெயர்), ஒவ்வொன்றுக்கும் தனி விதி. கீழே சொல்வதெல்லாம் இந்தப் பிரிவினை இருந்தால்தான் வேலை செய்யும்.

(கட்டளைகளையும் மெனுப் பெயர்களையும் உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ஷேர் பெயரையும் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், சின்னதாக வையுங்கள். தமிழ்ப் பெயரை விண்டோஸ் ஏற்கும். சில டிவி பாக்ஸ்கள் ஏற்காது.)

எந்த எண் என்று முடிவு செய்வது

எல்லையை வீட்டில் எத்தனை பேர் என்று பார்த்து வைக்கக் கூடாது. எந்தக் கண்ணி பலவீனமானதோ அதைப் பார்த்து வைக்க வேண்டும்.

முதலில் டிஸ்க். 7200 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 7200 சுற்று) டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்ட் எடுக்கும். தேடும் இடம், டிஸ்க்கைப் படிக்கும் முனையான தலைக்கு நேராக வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது சுமார் 4 மில்லி செகண்ட். தலை நகர்வதற்கு இன்னும் சுமார் 9. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவ மொத்தம் 13 மில்லி செகண்ட். அப்படியானால் ஒரு செகண்டுக்கு 75 தாவல்தான். ஒவ்வொரு தாவலுக்கும் 64 கிலோபைட் மட்டும் படித்தால் செகண்டுக்கு 5 மெகாபைட்டைக்கூடத் தொடாது. ஒரே ஆள் ஒரே பெரிய ஃபைலைப் படிக்கும்போது 100 மெகாபைட்டுக்கு மேல் தரும் அதே டிஸ்க்தான் இது. சிஸ்டம் முன்கூட்டியே கொஞ்சம் அதிகமாகப் படித்து வைத்துக்கொள்வதால் நிஜத்தில் இவ்வளவு மோசமாக இருக்காது. ஆனாலும் நாலு பேர் நாலு இடத்தில் படிக்க ஆரம்பித்தால் வேகம் நாலில் ஒரு பங்காக இல்லாமல் அதைவிடக் கீழே விழுவது இதனால்தான். எஸ்எஸ்டியில் தலையும் இல்லை, சுற்றும் இல்லை. அங்கே இந்தக் கவலை வேண்டாம்.

அடுத்தது கேபிள். கிகாபிட் போர்ட் என்றால் நிஜத்தில் செகண்டுக்குச் சுமார் 110 மெகாபைட். பழைய ரவுட்டரில் 100 மெகாபிட் போர்ட் என்றால் 11 மெகாபைட்தான் (8 பிட் சேர்ந்தது ஒரு பைட்). 4கே ப்ளூரே டிஸ்க்கிலிருந்து அப்படியே எடுத்த படம் உச்சத்தில் 100 மெகாபிட்டுக்கு மேலேயே கேட்கும். அந்த 100 மெகாபிட் போர்ட்டால் ஒரே ஒரு ஆளுக்குக்கூட அதை நிற்காமல் தர முடியாது. போனில் எடுத்த சாதாரண 1080பி வீடியோ 20 மெகாபிட் என்று வைத்தால் நாலு பேருக்குத் தாராளம்.

வைஃபை தனிக் கதை. காற்றில் உள்ள நேரத்தை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். தூரத்து அறையில் சிக்னல் குறைந்த ஒரு போன் மெதுவாகப் பேசிப் பேசி மற்றவர்கள் நேரத்தையும் தின்றுவிடும். ஃபைல்கள் இருக்கும் கம்ப்யூட்டரே வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு பைட்டும் காற்றில் இரண்டு தடவை போகிறது: கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டருக்கு, ரவுட்டரிலிருந்து டிவிக்கு. எல்லை வைப்பதற்கு முன்னால் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு லேன் கேபிள் இழுங்கள். பல வீடுகளில் அதற்குப் பிறகு எல்லையே தேவைப்படாது.

சாதாரண ஹார்டு டிஸ்க், கிகாபிட் ரவுட்டர் உள்ள வீட்டுக்கு எங்கள் பரிந்துரை: படத்துக்கு 2 அல்லது 3, போட்டோவுக்கு 4, கணக்குக்கு 2. கணக்குக்கு ஏன் 1 இல்லை என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

விண்டோஸில் செய்யும் முறை

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உச்ச வரம்பு 20. அதற்கு மேல் எண்ணை ஏற்ற முடியாது. நமக்கு வேண்டியது அதற்குக் கீழே இறக்குவது.

முதலில் ஆட்களுக்கு யூசர் கணக்கு. ஃபைல் இருக்கும் கம்ப்யூட்டரில் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு லோக்கல் யூசர் உருவாக்குங்கள். கமாண்ட் ப்ராம்ப்டை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்து, நெட் யூசர், பெயர், நட்சத்திரக் குறி, கடைசியில் ஸ்லாஷ் ஆட் என்று இடைவெளி விட்டு அடித்தால் பாஸ்வேர்டு கேட்கும். அங்கே தட்டுவது திரையில் தெரியாது, பயப்பட வேண்டாம். ஒன்றைக் கவனியுங்கள்: லாகின் செய்யப் பயன்படுத்தும் பின் நம்பர் நெட்வொர்க்கில் செல்லாது. அந்த யூசரின் பாஸ்வேர்டுதான் வேண்டும். 'சரியாகத்தான் அடிக்கிறேன், உள்ளே விடமாட்டேன் என்கிறது' என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவையும் நம்பாதீர்கள். புதிய விண்டோஸ் பதிப்புகள் அதைத் தடுக்கின்றன. தவிர, எல்லோரும் கெஸ்ட்டாக வந்தால் உள்ளே இருப்பது யார் என்று உங்களுக்கே தெரியாது.

பிறகு ஃபோல்டர் மேல் ரைட் க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஷேரிங் டேப். அங்கே இரண்டு பட்டன் இருக்கும். முதலில் கண்ணில் படும் 'ஷேர்' பட்டனை அமுக்க வேண்டாம். அதில் ஆள் எல்லைக்கான கட்டமே இல்லை. கீழே உள்ள 'அட்வான்ஸ்டு ஷேரிங்' தான் நமக்கு. 'ஷேர் திஸ் ஃபோல்டர்' என்பதை டிக் செய்தால், பெயருக்குக் கீழே 'லிமிட் தி நம்பர் ஆஃப் சைமல்டேனியஸ் யூசர்ஸ் டு' என்று ஒரு கட்டம், அதில் 20 என்று இருக்கும். அதை 2 ஆக்குங்கள்.

அதே ஜன்னலில் 'பர்மிஷன்ஸ்'. முதலில் அங்கே 'எவ்ரிஒன்' மட்டும் இருப்பார். அவரை நீக்கிவிட்டு, ஆட்களைப் பெயர் பெயராகச் சேருங்கள். படம் ஃபோல்டருக்கு எல்லோருக்கும் 'ரீட்' போதும். கணக்கு ஃபோல்டருக்கு எழுதுகிறவர் ஒருவருக்கு மட்டும் 'சேஞ்ச்', மற்றவர்களுக்கு 'ரீட்'. இங்கே கொடுத்தால் மட்டும் போதாது. பக்கத்து 'செக்யூரிட்டி' டேப்பிலும் அந்த ஆளுக்கு அனுமதி வேண்டும். இரண்டில் எது கறாரோ அதுதான் செல்லும். எழுத வேண்டியவரால் திறக்க முடிகிறது, சேமிக்க முடியவில்லை என்றால் செக்யூரிட்டி டேப்பைப் பாருங்கள்.

எண்ணை மட்டும் பின்னால் மாற்ற ஜன்னல் ஜன்னலாகப் போக வேண்டாம். அட்மினிஸ்ட்ரேட்டர் ப்ராம்ப்டில்:

நெட் ஷேர் மூவீஸ் /யூசர்ஸ்:3

மூவீஸ் என்ற இடத்தில் உங்கள் ஷேர் பெயர். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களை இது வெளியே தள்ளாது. அடுத்து வருபவருக்குத்தான் பொருந்தும். கம்ப்யூட்டர் தூங்கப் போனால் எல்லோர் தொடர்பும் அறுந்துவிடும் என்பதால் பவர் அமைப்பில் ஸ்லீப்பை 'நெவர்' ஆக்கிவிடுங்கள்.

ஒரு ஆளுக்கு இடம் ஒதுக்கி வைக்க

அதிகம் பேருக்குத் தெரியாத, ரொம்பப் பயனுள்ள வசதி இது. ஒரே ஃபோல்டரை இரண்டு பெயரில் பகிரலாம். அட்வான்ஸ்டு ஷேரிங் ஜன்னலில், ஏற்கெனவே பகிர்ந்த ஃபோல்டருக்கு 'ஆட்' என்று ஒரு பட்டன் உயிர்பெறும். அதில் இரண்டாவது பெயர், தனி எண், தனி பர்மிஷன் எல்லாம் கொடுக்கலாம். ஒவ்வொரு பெயருக்கும் எண்ணிக்கை தனித்தனியாக ஓடும்.

போட்டோ ஃபோல்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு 'போட்டோ' என்ற பெயரில் 3 பேர் எல்லை. ஆல்பம் வேலை செய்யும் அம்மாவுக்கு மட்டும் 'போட்டோஅம்மா$' என்று இன்னொரு பெயர், எல்லை 2, பர்மிஷனில் அம்மா ஒருவர் பெயர்தான். கடைசியில் டாலர் குறி இருப்பதால் மற்றவர்கள் நெட்வொர்க்கைத் திறந்து பார்த்தால் அந்த ஷேர் பட்டியலில் தெரியாது. பிள்ளைகள் மூன்று பேரும் உள்ளே இருந்தாலும் அம்மாவுக்கு இடம் உண்டு.

விண்டோஸ் எண்ணுவது ஆட்களை இல்லை

கட்டத்தில் 'யூசர்ஸ்' என்று எழுதியிருந்தாலும் உள்ளே எண்ணப்படுவது இணைப்புகள். இதைப் புரிந்துகொள்ளாமல் எல்லை வைத்தால் ஒரே ஆள் இரண்டு இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அப்பாவின் லேப்டாப்பில் ஒரு ட்ரைவ் எழுத்து கம்ப்யூட்டர் பெயரை வைத்து மேப் செய்யப்பட்டிருக்கிறது, இன்னொரு ஷார்ட்கட் 192.168.1.10 என்று ஐபி முகவரியை வைத்து இருக்கிறது என்றால், விண்டோஸ் இரண்டையும் இரண்டு வேறு சர்வர்களாக (ஃபைல்களைத் தரும் கம்ப்யூட்டர்களாக) நினைத்து இரண்டு இணைப்பு போடும். வீடு முழுக்க ஒன்று பெயர், இல்லை ஐபி. ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள். ஐபி என்றால் ரவுட்டரில் அந்தக் கம்ப்யூட்டருக்கு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். ஃபைல்கள் இருக்கும் கம்ப்யூட்டரில் நேராக உட்கார்ந்து ட்ரைவ் வழியே ஃபோல்டரைத் திறப்பவர் கணக்கிலேயே வரமாட்டார்.

இடம் காலியாவதும் உடனே நடக்காது. ஜன்னலை மூடின பிறகும் இணைப்பு சில நிமிஷம் தொங்கிக்கொண்டிருக்கும். ஃபைல் எதுவும் திறந்திராமல் சும்மா இருக்கும் இணைப்பை சர்வர் 15 நிமிஷத்தில் தானாக அறுக்கும்; அது இயல்பான அமைப்பு. குறைக்க வேண்டுமென்றால்:

நெட் கான்ஃபிக் சர்வர் /ஆட்டோடிஸ்கனெக்ட்:5

ஆனால் ஃபோல்டர் ஜன்னலை அப்படியே திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் இந்த 15 நிமிஷக் கணக்கு ஓடாது. ஃபோல்டரில் ஏதாவது மாறுகிறதா என்று பார்க்க எக்ஸ்ப்ளோரர் அந்த ஃபோல்டரையே திறந்து பிடித்துக்கொண்டிருக்கும். வேலை முடிந்ததும் ஜன்னலை மூடுங்கள் என்று வீட்டில் சொல்லி வைப்பதற்கு மாற்று வழி இல்லை.

மோசமானது பேய் இணைப்பு. பேட்டரி தீர்ந்து லேப்டாப் அணைந்துவிட்டால் அது விடைபெறாமல் போய்விடுகிறது. சர்வரோ அது இன்னும் உள்ளே இருப்பதாக நினைக்கிறது. திரும்ப ஆன் செய்து வருகிற அதே ஆளுக்கு, அவருடைய பழைய இணைப்பே வழியை மறித்து நிற்கும். கணக்கு ஃபோல்டருக்கு 1 என்று வைக்க வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான்.

உள்ளே இருப்பது யார் என்று பார்க்க, விண்டோஸ் பட்டனுடன் ஆர் அமுக்கி 'எஃப்எஸ்எம்ஜிஎம்டி.எம்எஸ்சி' (fsmgmt.msc) என்று அடியுங்கள். 'செஷன்ஸ்' பகுதியில் ஆள் பெயர், கம்ப்யூட்டர், எத்தனை ஃபைல் திறந்திருக்கிறது, எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறது எல்லாம் வரும். ரைட் க்ளிக் செய்து 'க்ளோஸ் செஷன்' கொடுத்தால் வெளியே போய்விடுவார். அதற்கு முன் 'ஓப்பன் ஃபைல்ஸ்' பகுதியைப் பாருங்கள். எழுதும் நிலையில் ஏதாவது திறந்திருந்தால் அந்த ஆளிடம் போய்க் கேட்டுவிட்டு மூடுங்கள். நீங்கள் மூடினால் அவர் சேமிக்காத வேலை போய்விடும்.

இடம் நிறைந்திருக்கும்போது வருபவருக்கு, இனி இணைப்பு தர முடியாது, கம்ப்யூட்டர் ஏற்கும் அளவு முடிந்துவிட்டது என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி வரும். பிழை எண் 71. போன் ஆப்களும் டிவி பாக்ஸ்களும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. 'கனெக்‌ஷன் ஃபெயில்டு' என்பதோடு நிறுத்திவிடும். பாஸ்வேர்டை மாற்றிப் பார்ப்பதற்கு முன் செஷன்ஸ் பட்டியலைப் பாருங்கள்.

ஒரே ஃபைலில் இரண்டு கை

இதற்கு எண்ணிக்கை உதவாது. ஃபைலைத் திறக்கும் ப்ரோக்ராம் பூட்டுப் போடுகிறதா என்பதுதான் கேள்வி.

எக்செல், வேர்டு இரண்டும் போடும். இரண்டாவது ஆள் திறந்தால், இன்னார் பயன்படுத்துகிறார், படிக்க மட்டும் திறக்கவா என்று கேட்கும். கூடவே அதே ஃபோல்டரில் டில்டே (~) குறியும் டாலர் ($) குறியும் முன்னால் ஒட்டிய ஒரு மறைவு ஃபைல் உருவாகும். திறந்தவர் பெயர் அதில்தான் இருக்கிறது. லிப்ரே ஆஃபீஸும் இதேபோல் ஒரு புள்ளியில் தொடங்கும் லாக் ஃபைலை வைக்கும். கம்ப்யூட்டர் திடீரென்று அணைந்தால் இந்தச் சின்ன ஃபைல் அனாதையாகக் கிடந்து, யாருமே திறக்காதபோதும் 'பயன்பாட்டில் உள்ளது' என்று சொல்ல வைக்கும். ஓப்பன் ஃபைல்ஸ் பட்டியலில் அது இல்லை என்று உறுதி செய்துகொண்டு அழித்துவிடலாம்.

நோட்பேட் பூட்டே போடாது. திறக்கும்போது முழுவதையும் படித்துக்கொண்டு ஃபைலை விட்டுவிடும். இரண்டு பேர் திறந்தால் கடைசியாகச் சேமித்தவர் எழுதியதுதான் நிற்கும். முதல் ஆளுக்கு எச்சரிக்கை எதுவும் வராது.

போன்தான் இதில் அதிகம் கெடுப்பது. பல ஆப்கள் ஷேரிலிருந்து ஃபைலைப் போனுக்கு ஒரு நகல் எடுத்து, அதைத் திருத்தி, முடிந்ததும் திரும்ப மேலே போட்டுவிடும். நடுவில் சர்வரில் பூட்டு எதுவும் இருக்காது. ஆறு மணிக்குத் தம்பி போனில் திறந்தான். ஆறு பத்துக்கு அக்கா கம்ப்யூட்டரில் மூன்று வரி சேர்த்து மூடினாள். ஆறரைக்குத் தம்பி சேமித்தான். அக்காவின் மூன்று வரியும் போயிற்று. இதைத் தடுக்க ஒரே வழி, போனுக்கென்று தனி யூசர் உருவாக்கி, கணக்கு ஷேரில் அதற்கு 'ரீட்' மட்டும் கொடுப்பது. பார்க்கலாம், எழுத முடியாது.

டேட்டாபேஸ் வகை ஃபைல்களை ஷேரில் வைத்து இரண்டு பேர் பயன்படுத்தவே வேண்டாம். பல ஆப்கள் பயன்படுத்தும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸை நெட்வொர்க் ட்ரைவில் பல கம்ப்யூட்டரிலிருந்து திறந்தால் ஃபைலே பழுதாகலாம். போட்டோ திருத்தும் லைட்ரூம் க்ளாஸிக் தன் கேட்டலாகை (போட்டோக்களின் பதிவுப் பட்டியலை) நெட்வொர்க் ட்ரைவில் வைக்க அனுமதிப்பதே இல்லை. போட்டோக்கள் ஷேரில் இருக்கட்டும், கேட்டலாக் அவரவர் கம்ப்யூட்டரில் இருக்கட்டும்.

ராஸ்பெர்ரி பை, லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டரிலும் மற்ற லினக்ஸிலும் இந்த வேலையைச் செய்வது சம்பா என்ற மென்பொருள். ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1991-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் எழுதத் தொடங்கியது. அமைப்பெல்லாம் /ஈடிசி/சம்பா/எஸ்எம்பி.கான்ஃப் என்ற ஒரே ஃபைலில். படம் ஷேரின் பகுதிக்குள் இந்த இரண்டு வரி:

ரீட் ஒன்லி = யெஸ்
மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் = 2

கணக்கு ஷேரில் 'ரீட் ஒன்லி = யெஸ்' போட்டு, அதற்குக் கீழே 'ரைட் லிஸ்ட் =' என்று எழுதும் ஆளின் பெயரை மட்டும் கொடுங்கள். லினக்ஸ் பக்கம் அந்த ஃபோல்டரும் அவர் எழுதக்கூடியதாக இருக்க வேண்டும். மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் எழுதாவிட்டால் 0 என்று பொருள்; 0 என்றால் எல்லையே இல்லை. விண்டோஸ் போல 20 என்ற கூரை இங்கே கிடையாது. சும்மா கிடக்கும் இணைப்பை அறுக்க, மேலே குளோபல் பகுதியில் 'டெட்டைம் = 15'; நிமிஷக் கணக்கு. இதுவும் ஃபைல் எதுவும் திறந்திராதபோதுதான் வேலை செய்யும்.

சேமித்ததும் 'டெஸ்ட்பார்ம்' ஓட்டிப் பாருங்கள்; எழுத்துப் பிழை இருந்தால் அது சொல்லும். பிறகு எஸ்எம்பிடி சேவையை ரீஸ்டார்ட் செய்யுங்கள். உள்ளே யார் என்று பார்க்க 'சூடோ எஸ்எம்பிஸ்டேட்டஸ்'. பேய் இணைப்பு தெரிந்தால் அதே வரியில் உள்ள ப்ராசஸ் எண்ணை 'கில்' செய்தால் போதும்.

பை 3பி வைத்திருந்தால் அதன் கேபிள் போர்ட் 100 மெகாபிட்தான் என்பதை மறக்க வேண்டாம். 3பி ப்ளஸ்ஸில் கிகாபிட் என்று எழுதியிருந்தாலும் உள்ளே அது யுஎஸ்பி 2 வழியாகப் போவதால் 300 மெகாபிட்டைத் தாண்டாது. பை 4-இலிருந்துதான் முழு கிகாபிட். ரவுட்டரின் பின்னால் யுஎஸ்பி டிஸ்க் செருகிப் பகிர்பவர்களுக்கு, மெனுவில் பெரும்பாலும் இந்த எல்லைக் கட்டமே இருக்காது.

எல்லையால் முடியாதது

ஒரே ஆள், ஒரே இணைப்பில், 50 ஜிபி காப்பி செய்தால் மற்ற எல்லோரும் நிற்பார்கள். எல்லை 2 என்று இருந்தாலும் அந்த ஒருவர் எவ்வளவு இழுக்கிறார் என்பதை அது கட்டுப்படுத்தாது. பெரிய காப்பியை ராத்திரிக்குத் தள்ளுங்கள். பகலில் செய்தே ஆக வேண்டுமென்றால் விண்டோஸில் ரோபோகாப்பி என்ற காப்பிக் கட்டளையுடன் '/ஐபிஜி:' என்று சேர்த்து மில்லி செகண்டில் ஒரு இடைவெளி கொடுங்கள். எண் கூடக் கூட வேகம் குறையும். லினக்ஸில் காப்பிக்கு ஆர்சிங்க் கட்டளையைப் பயன்படுத்தினால் '--பிடபிள்யூலிமிட்=10எம்' என்றால் செகண்டுக்கு 10 மெகாபைட்டோடு நின்றுகொள்ளும்.

எல்லாம் வைத்து முடித்ததும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். படம் ஷேரின் எல்லையைத் தற்காலிகமாக 1 ஆக்குங்கள். லேப்டாப்பில் அதைத் திறந்து ஒரு படத்தை ஓட விடுங்கள். இப்போது டிவியில் திறந்தால் மறுக்க வேண்டும். மறுக்காமல் உள்ளே விட்டால், டிவி வேறொரு ஷேர் பெயரிலோ, அதே கம்ப்யூட்டரின் மீடியா சர்வர் (டிவிக்குப் படங்களைத் தானே அனுப்பும் ப்ரோக்ராம்) வழியாகவோ நுழைகிறது. மீடியா சர்வருக்கு இந்த எல்லை பொருந்தாது, அதைத் தனியாக நிறுத்த வேண்டும். மறுத்தால், லேப்டாப்பில் படத்தையும் ஜன்னலையும் மூடிவிட்டு, டிவிக்கு எத்தனை நிமிஷம் கழித்து வழி கிடைக்கிறது என்று கடிகாரத்தில் பார்த்து வையுங்கள். 'நான் மூடிட்டேன், இன்னும் உனக்கு ஓடலையா' என்று வீட்டில் சத்தம் வரும்போது எவ்வளவு நேரம் பொறுக்கச் சொல்வது என்று அப்போது தெரிந்திருக்கும். எண்ணைப் பழையபடி 2 ஆக்க மறந்துவிடாதீர்கள்.